கேஸ் எங்கே போகிறது?

மார்ச் பாதி தாண்டிவிட்டால் ஹைதராபாத்தில் எங்கள் கார் ஏசி பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கேஸ் டால் தோ, பாய்" (கேஸ் ஏற்றிவிடு, அண்ணே). கூலிங் குறைந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்று மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசிவது உண்டு. ஆனால் போன கோடையில் ஏற்றியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். கேஸ் ஏற்றுவது அதன் கடைசிக் கட்டம் மட்டுமே.

கேஸ் போகும்போது கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். கேஸ் காற்றில் கலந்துவிடும், ஆயில் அங்கேயே தங்கிப் புழுதியைப் பிடித்துவைக்கும். அதனால் கருவியை எடுப்பதற்கு முன்னால் டார்ச்சை எடுக்கிறேன். ஜாயின்டில் ஒரு கறுத்த பிசுக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஏசி ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும்.

உள்ளே புகுந்திருக்கும் ஈரத்தை வெளியேற்றத்தான் வேக்குவம் போடுகிறோம். அழுத்தத்தை நன்றாக இறக்கினால் சாதாரண வெயில் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிப் பம்ப் வழியே வெளியேறும். சென்னையில் தொழில் பழகி இங்கே வரும் பையன்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கேஜ் முள் பாதரச அளவில் 28 அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை, பம்ப் போய்விட்டது என்பார்கள். பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. கடற்கரை ஊரில் முள் 30-ஐ நெருங்கும். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அழுத்தமே சுமார் 28 அங்குலம்தான். ஆகவே சென்னையில் 28 என்பது அரைகுறை வேக்குவம், இங்கே அதற்குக் கீழே இறங்க இடமில்லை. முள் இறங்கியதும் பம்பை நிறுத்திவிடவும் கூடாது. ஈரம் கொதித்துத் தீர நேரம் கொடுக்க வேண்டும், பிறகு வால்வை மூடி முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். வெளியே நாலு வண்டி ஹாரன் அடித்தாலும் இந்த நேரத்தை நான் குறைப்பதில்லை.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வண்டி நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம் அன்றைய வெயிலைச் சொல்லும், அளவைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தால் போதும், 100 கிராம் ஆனாலும் 400 கிராம் ஆனாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் அளவு இருக்கிறது. தராசு இருக்கும்போது கைக்கணக்கு எதற்கு?

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12-க்கு மாற்றாக வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டைஆக்சைடைப் போல சுமார் 1,400 மடங்கு. ஒரு சின்ன காரின் 400 கிராமை வெளியே திறந்துவிடுவது அரை டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு விடுவதற்குச் சமம். 2016 கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா இந்த வகை கேஸ்களை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும்.

மலிவு கேஸ் சிலிண்டரை நான் தொடுவதில்லை, அதில் போலி கேஸ் இருக்கலாம். 2011-இல் வியட்நாமில் போலி கேஸ் ஏற்றிய குளிர்பதனக் கண்டெய்னர்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டதுமே தீப்பிடிக்கும் பொருள் உண்டாகும். கார் கண்டென்சரும் அலுமினியம்தான்.

இத்தனையும் சொன்னாலும் வாடகைக் கார் ஓட்டுகிறவரின் கணக்கு வேறு. 2024 ஏப்ரலில் இங்கே தெலங்கானா கிக் அண்ட் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் 'நோ ஏசி' இயக்கம் நடத்தியது. ஏசி போட்டு ஓட்டினால் கிலோமீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் செலவு, கிடைப்பது 10, 12 ரூபாய் என்றார்கள். அப்படிப்பட்டவரிடம் காயிலை மாற்றுங்கள் என்று சட்டென்று சொல்ல மனம் வராது. முதலில் சர்வீஸ் வால்வின் பின்னையும் ஓ-ரிங்குகளையும் பார்க்கிறேன். அவை சில்லறைக் காசில் மாறும். காயில்தான் ஓட்டை என்றால் வெறும் கேஸ் ஏற்றி அனுப்ப மாட்டேன், அந்தப் பணமும் ஓட்டை வழியாகத்தான் போகும். காசைத் தவணையில் வாங்கிக்கொள்கிறேன், ராத்திரியில் டேஷ்போர்டைப் பிரிக்கிறேன். காலை ஏர்போர்ட் சவாரிக்கு வண்டி அவர் கையில் இருக்கும்.