அடுப்பை உயர்த்துவோம், கூரையையும் காப்போம்

எமது பெண்களின் நாளில் பெரும்பகுதி அடுப்படியிலேயே கழிகிறது. ஆனால் வீடு கட்டும்போது விறாந்தைக்கும் சுவாமி அறைக்கும் கிடைக்கும் கவனம் குசினிக்குக் கிடைப்பதில்லை. குடும்பத்தில் வேலைப் பங்கீடு பற்றிச் சமூகவியலில் படித்தேன். அதன் பொருளைக் கொக்குவில் குசினிகளில்தான் கண்டேன்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபா ஆனது. வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்கள் பல. கைவிட்ட விறகடுப்பைப் பலர் மீண்டும் மூட்டினர். விலை பின்னர் குறைந்தபோதும் சில வீடுகளில் விறகே நிலைத்துவிட்டது.

அப்படியொரு வீட்டில் ஆச்சி, மருமகள், இரண்டு பிள்ளைகள். மண்சுவரும் கிடுகுக் கூரையுமான குசினி. நிலத்தில் மூன்று கல் அடுப்பு. குந்தியிருந்து சமைத்துச் சமைத்து மருமகளுக்குத் தீராத முதுகு நோ.

"அக்கா, ஒரு மேடை இருந்தால் நிண்டு சமைப்பன்" என்றாள் அவள்.

ஆச்சி சம்மதிக்கவில்லை. "பிள்ளை, நெருப்பை மேலே தூக்கினால் கிடுகு எட்டிப் பிடிக்கும். குசினி எரிஞ்சதை நான் கண்ணாலே கண்டனான்."

இருவர் சொன்னதும் நியாயமே. எனவே அளந்து பார்த்தோம். அடுப்பு இருந்த தென்கிழக்கு மூலையில் கூரை 6 அடி உயரம். நடு முகட்டின் கீழ் 10 அடி. மேடை ஒன்றரை அடி, அடுப்பு முக்கால் அடி என்றால், மூலையில் அடுப்பு வாய்க்கும் கிடுகுக்கும் இடையே மூன்றே முக்கால் அடிதான் மிஞ்சும். முகட்டின் கீழ் ஏழே முக்கால் அடி கிடைக்கும். மேலைநாடுகளில் மூடிய இரும்பு விறகடுப்புக்கே எரியும் பொருட்களிலிருந்து 36 அங்குல இடைவெளி கேட்கிறார்கள். சுவாலை வெளியே எழும் எங்கள் அடுப்புக்கு, அதுவும் கிடுகின் கீழ், மூலை உகந்ததல்ல.

"அக்கினி மூலையை விட்டு எடுக்கேலாது" என்றார் ஆச்சி. கிழக்குச் சுவரோடேயே நடுவுக்கு நகர்த்தலாம், சமைப்பவள் கிழக்கு முகமாகவே நிற்பாள் என்று மருமகள் விளக்கினாள். ஆச்சி சற்று யோசித்துத் தலையசைத்தார்.

கல்லும் களிமண்ணும் கொண்டு வீட்டாரே மேடை கட்டினர். மூன்று கல்லுக்குப் பதிலாக, 1980களில் இலங்கையில் உருவான, இரண்டு பானை வைக்கும் 'அனகி' களிமண் அடுப்பை வைத்தனர். அதில் நெருப்பு உள்ளடங்கி எரியும், விறகும் குறையும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அடுப்பை உயர்த்துவதானால் இவற்றைக் கவனியுங்கள். பானையின் வாய் உங்கள் முழங்கைக்கு மேலே போகாதபடி மேடையின் உயரத்தை வையுங்கள். அடுப்பின் முன்னால் ஒன்றரை அடி மேடை நீண்டிருந்தால் தணல் நிலத்தில் விழாது. அடுப்புக்கு மேலே விறகு காய வைக்கும் பரணை அகற்றுங்கள். கூரையின் கீழ் தகரம் போடுவதானால், கிடுகோடு ஒட்டி அடிக்காமல் நாலு அங்குலம் கீழே கம்பியில் தொங்கவிடுங்கள். இடையில் காற்று ஓடினால்தான் தகரத்தின் சூடு கிடுகுக்கு ஏறாது. ஒட்டடையையும் புகைக்கரியையும் அடிக்கடி தட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாது மூடியால் மூடுங்கள்.

முகட்டருகே புகை போக வழி விடுவதும் அவசியம். வீட்டுப் புகையால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பெண்களும் சிறுவர்களுமே அப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள்.

முதுகு நோவைப் பெண்ணின் விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. மூத்தவர்களின் பயத்தையும் அறியாமை என்று தள்ள வேண்டியதில்லை. அளவுநாடாவை எடுத்து, மாமியும் மருமகளும் சேர்ந்து குசினியை ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டு ஆண்களையும் கூப்பிட்டு மண் குழைக்கச் சொல்லுங்கள். அவர்களும் அந்த அடுப்பில்தானே சாப்பிடுகிறார்கள்!