ஊஞ்சலில் சிந்தாத காபி

மேசைமேல் சும்மா கிடக்கும் ஒரு பொருளுக்கு முடுக்கம் எவ்வளவு? சுழியம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஏடிஎக்ஸ்எல்335 என்ற முடுக்கமானிச் சில்லு மட்டும் ஒப்புக்கொள்ளாது. 3.3 வோல்ட் கொடுத்து, மூன்று அச்சுகளின் ஒயர்களையும் ஆர்டுயினோவின் ஏ0, ஏ1, ஏ2 கால்களில் செருகி, ஏரெஃப் காலுக்கும் அதே 3.3-ஐ இழுத்து, நிரலிலும் அதைச் சொல்லிவிட்டால் திரையில் எண்கள் ஓடும். (ஏரெஃபை விட்டுவிடுகிறவர்கள் 5 வோல்ட் கணக்கில் அளந்துவிட்டுச் சில்லைத் திட்டுவார்கள்.) எக்ஸ் 512, ஒய் 512, இசட் 614, ஏறக்குறைய. 512 என்றால் ஒன்றுமில்லை. அதற்கு மேலிருக்கும் 102தான் ஒரு ஜி, புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு. அதாவது, கிடக்கிற சில்லு தன்னை யாரோ மேலே உந்துவதாகச் சாதிக்கிறது. தலையணைமேல் விழவிட்டாலோ, விழுகிற அந்த அரை நொடி மூன்றும் 512!

உள்ளே பொடி விற்களில் ஒரு சிலிக்கன் துணுக்கு நிற்கிறது. வில் எவ்வளவு வளைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எல்லாம் சேர்ந்து விழும்போது வில் ஏன் வளையப்போகிறது? விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது 1907-ல், பெர்ன் காப்புரிமை அலுவலக நாற்காலியில். அவருக்கு அது பொதுச் சார்பியலில் போய் முடிந்தது. எனக்கு ஆச்சியின் ஊஞ்சலில்.

ஆச்சி வீட்டு உத்திரத்தில் இரண்டே கொக்கி. சங்கிலி இறங்கிவந்து, பலகைக்குச் சற்று மேலே கவட்டையாகப் பிரியும். அதனால் சங்கிலி சாய்ந்தால் பலகையும் கூடவே சாயும். ஆச்சி தளும்பத் தளும்பக் காபியைப் பக்கத்தில் பலகைமேல் வைத்துவிட்டு வீசி ஆடுவாள். ஒரு சொட்டு சிந்தாது. "எப்படி ஆச்சி?" என்றால், "குடிக்கத் தெரிஞ்சவளுக்கு எதுக்குலே சிந்தும்?" என்பாள்.

அந்த மாதிரிப் பலகையில் சில்லை ஒட்டி ஆடிப் பாருங்கள். 30 பாகை வீச்சில் ஆடினால் அடியில் வரும்போது இசட் 642 வரை ஏறும், இரு கோடியிலும் 600-ஐ ஒட்டி இறங்கும். ஆடுகிற திசையைப் பார்த்திருக்கும் எக்ஸ் மட்டும் 512-ஐ விட்டுப் பெரிதாக நகராது. இத்தனை ஆட்டத்திலும் அந்தப் பக்கமாக அதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. சில்லு உணராத புவியீர்ப்பை விட்டால், பலகையை இழுப்பது சங்கிலி ஒன்றுதான். அது பலகைக்குச் செங்குத்தாகவே இழுக்கிறது. காபிக்கும் அதே கதி, அதே நிம்மதி.

டவுனில் பெரியம்மா வீட்டு ஊஞ்சலுக்கு நான்கு கொக்கி, நான்கு நேர்ச் சங்கிலி. பலகை எவ்வளவு வீசினாலும் தரைக்கு மட்டமாகவே போகும், சங்கிலிதான் சாயும். அங்கே எக்ஸ் ஏறி இறங்கும். டம்ளரும் அதற்கேற்ப இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் கக்கும். ஒரு பொங்கலுக்குப் போனபோது ஆச்சியின் புதுச்சேலை நனைந்தது. அவள் ஊஞ்சலையும் குறை சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை. "இந்த வீட்டுல தண்ணிக் காபில்லா போடுதாவ, அதான் தளும்புது" என்றாள்.