முற்றத்தில் கேளுங்கோ

உங்கள் வீட்டில் ‘கொம்பியூட்டர் ஆள்’ யார்? எங்கள் வீட்டில் நான்தான். அந்த வேலை ஒன்பது வயதில் தொடங்கியது. 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சட்டத்தால், கியூபெக்கில் எங்களைப் போன்ற குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவோம். அதனால் வீட்டுக்கு வரும் கடிதங்கள் அப்பாவுக்கு முதல் எனக்குத்தான் விளங்கும். பிறகு கொம்பியூட்டர் வந்தது. அப்பா பக்கத்துக் கதிரையில் இருப்பார், நான் மவுசைப் பிடிப்பேன். “முடிஞ்சுது அப்பா” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். எப்படிச் செய்தேன் என்று ஒருநாளும் காட்டியதில்லை.

அது ஒரு பிழை என்று எனக்குத் தெரிய நிறைய வருடங்கள் ஆயின.

போன வருடம் ஜனவரியில், மொன்றியல் கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று எடுக்கத் தொடங்கினேன். 12 பேர். களஞ்சியத்தில் வேலை செய்யும் அண்ணாமார், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அக்காமார், வேலை தேடும் ஒரு மாமி. பாடம்: ஸ்லாக், மைக்ரோசொஃப்ட் ரீம்ஸ். இப்போது பல வேலையிடங்களில் வேலை நேரம், லீவு, கூட்டம் எல்லாம் இவற்றில்தான் வருகிறது. கையால் செய்யும் வேலை என்றாலும் போனில் ஒரு செயலி இருந்தே ஆகவேண்டும்.

முதல் நாள் ஸ்லாக்கின் கதையைச் சொன்னேன். வன்கூவரோடு தொடர்புள்ள ஒரு சிறிய நிறுவனம் ‘கிளிட்ச்’ என்று ஓர் இணைய விளையாட்டைச் செய்தது. அது சரிவரவில்லை, 2012இல் மூடிவிட்டார்கள். ஆனால் வெவ்வேறு நகரங்களில் இருந்து வேலை செய்தவர்கள் தங்களுக்குள் கதைக்க ஒரு கருவி செய்து வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அதுதான் ஸ்லாக் என்ற பெயரில் வெளியே வந்தது. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ 2,770 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. “தோத்த விளையாட்டிலயும் காசு இருக்கு” என்றார் பின்வரிசை அண்ணா ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது ‘சனல்’. மின்னஞ்சலை அனுப்பினால் பெற்றவர் மட்டும்தான் பார்ப்பார். சனலில் எழுதினால் அதில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். யாருக்குப் பதில் தெரியுமோ அவர் சொல்லலாம். ஒருவருக்கு மட்டும் எழுத வேண்டுமென்றால் தனிச்செய்தி இருக்கிறது. இதை நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். மாமி ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: “சனல் எண்டா முற்றத்தில நிண்டு கதைக்கிறது. தனிச்செய்தி எண்டா குசினிக்குள்ள கதைக்கிறது.”

விளக்கம் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் முற்றத்துக்கு ஒருவரும் வரவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் குசினி நிரம்பிவிடும். “ரீச்சர், ஒரு சின்னக் கேள்வி. மற்றவைக்குச் சொல்லாதேங்கோ.” அநேகமாக எல்லோரும் இப்படித்தான். கேள்விகளும் அநேகமாக ஒன்றுதான். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. எல்லோருக்கும் நான் தேவையாக இருந்தேனே!

மார்ச் மாதம் என் வேலை கூடிவிட்டது. நித்திரை கொள்வதற்காக அறிவிப்புகளை நிறுத்தினேன். அந்த நேரத்தில்தான் பின்வரிசை அண்ணாவின் செய்தி வந்திருக்கிறது: “ரீச்சர், ரீம்ஸில புது வேலை அட்டவணை போட்டிருக்கினம். கீழ ‘கொன்ஃபிர்மே’ எண்டு ஒரு பொத்தான் கிடக்கு. அமத்தவோ? பிழையா அமத்திப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு.”

நான் அதைப் பார்த்தது ஒன்பது நாள் கழித்து, மெற்றோவில். அவர் பொத்தானை அமத்தவில்லை. ‘உறுதிப்படுத்தவில்லை’ என்று அவருடைய அந்தக் கிழமை வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கிழமைச் சம்பளம் போய்விட்டது. அவர் ஊருக்கும் காசு அனுப்புகிறவர்.

அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை ரீச்சர், நீங்கள் பிஸியா இருப்பியள்” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தார். “என்ன, கொன்ஃபிர்மேயோ? எங்கட இடத்திலயும் அதுதான் அண்ணா. அமத்தாட்டி வர ஏலாது எண்டு எடுப்பினம். என்னட்டக் கேட்டிருக்கலாமே?”

அந்த அக்கா ஒவ்வொரு கிழமையும் அவருக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தார். பதில் முழுநேரமும் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. நான்தான் எல்லாப் பாதையையும் என்னிடம் வருகிற மாதிரிப் போட்டு வைத்திருந்தேன். அப்பாவின் மவுசைப் பிடித்த அதே ஆள்.

அன்றைக்கே சொன்னேன்: இனிமேல் கேள்வியெல்லாம் பொதுச் சனலில். ஞாயிறு மாலை 7 மணியிலிருந்து 8 மணிவரை நான் கட்டாயம் அங்கே இருப்பேன். மற்ற நேரத்தில் தெரிந்தவர் பதில் சொல்லுங்கோ. சொல்லிவிட்டு ஒரு புதுச் சனல் திறந்தேன். பெயரைத் தமிழிலேயே எழுதினேன். எங்கள் வீட்டில் உச்சரிக்கிற மாதிரி, ‘முத்தம்’ என்று.

ஒரு நிமிடம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு மாமி எழுதினார்: “பிள்ளை, நான் சொன்னது முற்றம். நீ எழுதினது வேற சாமான்!”

மண்டபமே சிரித்தது. என் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அந்த இரவே சனலில் நாலு கேள்விகள் வந்தன. ரீச்சரே எல்லோருக்கும் முன்னால் பிழை விட்டுவிட்டார், இனி யாருக்கு என்ன வெட்கம்? “லீவு கேக்கிறது எப்பிடி?” என்று அண்ணா கேட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு அக்காமார் படம் எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விரல் துடித்தது, ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

ஜூனில் வகுப்பு முடிந்தது. கோடையில் ஒருநாள் மாமியின் அந்தச் செய்தியைத் தேடினேன். காணவில்லை. ஸ்லாக்கை இலவசமாகப் பாவித்தால் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் பழையவை அழிக்கப்பட்டுவிடும். எனக்கு இது தெரிந்ததுதான், பாடத்திலும் சொன்னேன். இருந்தும் மனம் கவலைப்பட்டது. ஆனால் அவர்கள் அதற்கு முதலே வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். என்னைச் சேர்த்தது கடைசியாகத்தான்! போன மாதம் அங்கே ஒரு செய்தி வந்தது. பின்வரிசை அண்ணா தன்னுடைய இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த தமிழ்ப் பெடியனுக்கு அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தாராம்.

மாணவரோடு தொடர்பில் இருப்பது என்றால் வருகிற எல்லாச் செய்திக்கும் நானே பதில் எழுதுவது என்று நினைத்திருந்தேன். நான் இல்லாத நேரத்திலும் அவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கவேண்டும். அதற்கு வழி செய்வதும் ரீச்சரின் வேலைதான்.

போன ஞாயிறு அப்பா கூப்பிட்டார், ஒரு படிவத்தை ஏற்ற வேண்டுமாம். இந்தமுறை நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவருக்கு 20 நிமிடம் எடுத்தது. எனக்கென்றால் ஒரு நிமிட வேலை. முடித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இவ்வளவுதானே? இதை நீ முந்தியே காட்டியிருக்கலாமே?”