எழுதத் தெரிஞ்ச பூச்சி

எட்டுக்கால் பூச்சி என்றாலே எல்லாருக்கும் அருவருப்பு. மேலே மூத்திரம் பெய்தால் கொப்பளம் வரும் என்பார்கள். வூட்டுக்குள்ளே கண்டால் துடைப்பத்தால் அடிப்பார்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே வரப்பிலும் ஏரிக்கரைப் புதரிலும் புல்லறுத்த எங்க ஆயாவுக்கு மட்டும் ஒரு எட்டுக்கால் பூச்சியின் மேல் மரியாதை உண்டு. வீசப்போன அருவாளை நிறுத்திவிட்டு, "அத்தக் கலைக்காதடா, என்னமோ எழுதி வெச்சிருக்குது பாரு" என்னும்.

முதுகில் மஞ்சளும் வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாய், திருவிழாவுக்குப் புடவை கட்டின மாதிரி இருக்கும். வலையின் நட்டநடுவில் தலைகீழாகத் தொங்கும். எட்டுக் காலையும் ரெண்டு ரெண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டியிருக்கும். கால் நீண்ட அந்த நாலு பக்கமும் கெட்டியான வெள்ளை நூலில் வளைச்சு வளைச்சு ஒரு கிறுக்கல். நாம் பார்ப்பது பெண் பூச்சி. ஆண் அதில் பாதிகூட இருக்காது. பழுப்பு நிறம், வலையோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

இங்கிலீஷில் இதைக் கையெழுத்துச் சிலந்தி என்கிறார்கள். 1887-ல் தோரெல் என்ற சுவீடன் அறிஞர் இதற்கு ஆர்ஜியோபி அனசூஜா என்று பேர் வைத்தார். அந்தக் கிறுக்கல் எதற்கு என்று அறிவியல்காரர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. வெயிலில் அது மின்ன, ஈயும் தேனீயும் மயங்கி வந்து விழும் என்கிறது ஒரு கட்சி. பறவைகள் கண்டு விலகிப் போகத்தான், இல்லாவிட்டால் வலை கிழிந்துபோகும் என்கிறது இன்னொரு கட்சி.

நான் ரெண்டாவது கட்சி. இங்கே ஒரு ஜீவன் குடியிருக்கு, ஒதுங்கிப் போ என்று எழுதிவைக்கிற பூச்சி அது.

ஆயாவுக்கு எழுத வராது. தாத்தா படுக்கையில் கிடந்தபோது ஊர்த்தெருக்காரர் ஒருத்தரிடம் முந்நூறு ரூபாய் கடன் வாங்கியது. வெத்துப் பேப்பரில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். தாத்தாவும் போனார், பின்னாலேயே நிலமும் போனது. "கட்டவெரல்ல மை காயறதுக்குள்ள களம் மாறிப்போச்சுடா" என்று சாகிறவரை சொல்லும்.

அது பஞ்சமி நிலம். இந்தப் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. 1891-ல் அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், காணி நிலம்கூட இல்லாமல் பறையர்கள் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். 1892-ல் அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை பேப்பரில் இருந்தது. பேப்பரைப் படிக்கத் தெரிந்தவன் ஊர்த்தெருவில் இருந்தான். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில், செங்கல்பட்டில், காரணை மக்களுக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள்.

நிலம் போனபின் நாங்கள் ஏரிப் புறம்போக்குக்கு வந்தோம். அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனிகள் வந்தன, பிளாட் வந்தது, ரோடு வந்தது. அளவு நூல் பிடித்து வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒண்ணுதான்: "பேப்பர் இருக்குதா?" இல்லையென்றதும் குடிசையைப் பிரித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கீத்து கட்டினோம். சிலந்தியும் அப்படித்தான். பழைய வலையைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் புதுசாகப் பின்னிவிடும்.

பள்ளிக்கூடத்தில் சிலந்தி என்றால் விடாமுயற்சிப் பாடம் நடத்துவார்கள். தோற்றுப்போய் குகையில் ஒளிந்த ராஜா, சிலந்தியைப் பார்த்து ரோஷம் வந்து, திரும்ப சண்டைக்குப் போன கதை. அந்தப் பாடம் ராஜாக்களுக்கு இருக்கட்டும். மூணு தலைமுறையாகப் பிரிச்சதையே திரும்பக் கட்டுகிற சனத்துக்கு விடாமுயற்சியை எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்க தெருவில் இப்போது கைநாட்டு வைக்கிற பொம்பளைப் பிள்ளை ஒருத்திகூட இல்லை. மனுவை அவர்களே எழுதுகிறார்கள், கீழே கையெழுத்தும் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு எதிரே ஒரு பட்டா வரவேண்டும். இன்னும் வரவில்லை.