டோம்பிவிலியில் ஒரு ரஞ்சிப் பருவம்

விடியற்காலையில் டோம்பிவிலி நிலையத்தில் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். அலுவலகம் செல்வோரின் நெரிசலுக்கிடையே, ஏறக்குறையத் தம் உயரமே உள்ள கிரிக்கெட் பையைத் தோளில் சுமந்தபடி சிறுவர் சிலர் நிற்பார்கள். சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் இங்கிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். ஆசாத் மைதானத்திலோ மாட்டுங்காவிலோ பந்தாட விரும்பும் பிள்ளை, முதலில் அந்தப் பையுடன் வண்டியில் ஏறும் கலையைக் கற்றாக வேண்டும்.

இவ்வாறு சென்ற பிள்ளைகளுள் ஒருவரே அஜிங்க்ய ரஹானே. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமின்றி, தம் தாயார் ஒரு கையில் தம்பியையும் மறு கையில் ஆட்டப் பையையும் தாங்கிக்கொண்டு பயிற்சிக்கு நடந்தே அழைத்துச் சென்றதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அவர் தலைமையில் மும்பை அணி ஆடிய 2023-24ஆம் ஆண்டின் ரஞ்சிப் பருவம், எங்கள் ஊருக்குச் சொந்த வீட்டுத் திருமணம் போலவே இருந்தது.

காலிறுதியில் பரோடாவை எதிர்த்துப் பத்தாவது, பதினோராவது ஆட்டக்காரர்களான தனுஷ் கோட்டியனும் துஷார் தேஷ்பாண்டேயும் ஆளுக்கொரு சதம் அடித்தனர். கடைசி விக்கெட்டுக்கு 232 ஓட்டங்கள்! துஷார் பக்கத்து ஊராகிய கல்யாணைச் சேர்ந்தவர். தெருவெங்கும் அதே பேச்சு.

அரையிறுதியில்தான் எம் போன்றோருக்குச் சோதனை வந்தது. எதிரணி தமிழ்நாடு!

முதல் நாளில் தமிழ்நாடு 146 ஓட்டங்களுக்குள் சுருண்டது. மறுநாள், மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. மகனைப் பயிற்சிக்காக மாட்டுங்காவுக்கு அழைத்துச் சென்றேன். வண்டியில் கைப்பேசியைப் பார்த்தவாறே வந்தோம். சாய் கிஷோரின் சுழலில் மும்பையின் விக்கெட்டுகள் சரிந்தன. 106 ஓட்டங்களுக்கு ஏழு பேர் வெளியேறினர். என் உள்ளம் துள்ளியது. மகனுடைய முகமோ வாடியது. ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்ணும் இருவருக்கு எதிரெதிரான துக்கமும் மகிழ்ச்சியும்!

மாலையில் நிலைமை தலைகீழாயிற்று. பால்கரிலிருந்து இதேபோல் ரயிலில் பை சுமந்து வளர்ந்த ஷர்துல் தாக்குர் 109 ஓட்டங்கள் குவித்தார். ஞாயிறுதோறும் வரும் 'மெகா பிளாக்'கினால் வண்டி ஊர்ந்தது. பெட்டியில் இருந்தோர் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்தனர். அவர்களோடு என் மகனும் கைதட்டினான். பின்பு ஏதோ தவறு செய்துவிட்டவன் போல என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நம்முடைய அணி எது?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. 1973இல் சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில், மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே பம்பாய் தமிழ்நாட்டை வீழ்த்தியதையும், பத்மாகர் சிவல்கர் அவ்வாட்டத்தில் 13 விக்கெட்டுகள் எடுத்ததையும் என் தந்தையார் ஆறாத மனத்துடன் சொல்வார். அந்த மனக்குறையை நான் சொத்தாகப் பெற்றேன். அதை இவனுக்கும் எழுதிவைக்க வேண்டுமா?

திங்களன்று மும்பை ஓர் இன்னிங்ஸ், 70 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. மார்ச் 14 அன்று வான்கடே மைதானத்தில் விதர்பாவையும் 169 ஓட்டங்களில் வென்று 42ஆம் முறையாகக் கோப்பையை ஏந்தியது. பருவத்தின் பெரும்பகுதியில் ஓட்டமின்றித் தவித்த ரஹானே, அவ்விறுதியாட்டத்தில் 73 ஓட்டங்கள் எடுத்தார். அன்று மாலை அடுத்த வீட்டு மராட்டியப் பெரியவர் பேடா கொண்டுவந்து தந்தார். என் மனைவி அந்தத் தட்டை வெறுமனே திருப்பாமல் முறுக்கு வைத்து அனுப்பினாள்.

மகனுக்கு அன்றுதான் விடை சொன்னேன்: "கல்யாணில் பிறந்த துஷார் 2023இல் சென்னை அணிக்குப் பந்து வீசியபோது, சேப்பாக்கம் அவரை அயலாராகவா நினைத்தது? நீ பிறந்த ஊருக்கு நீ கைதட்டு. தமிழ்நாடு ஆடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார், அது போதும்."

அவன் சிறிது யோசித்தான். "சாய் கிஷோர் நன்றாகத்தான் பந்து வீசினார், அப்பா" என்றான். மறுவாரமும் பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் நிலையத்துக்குப் புறப்பட்டோம்.