ஆட்டோட எடை தெரிஞ்சவனுக்குப் பேரனோட எடை தெரியலை

போன வருஷம் முழுக்க நான் ஏன் சரியா எழுதலைன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. வெள்ளாமை, வேலைன்னு சொல்லிச் சமாளிச்சேன். உண்மையில் என் மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். இப்போ கொஞ்சம் மூச்சு விட முடியுது. அதான் உட்கார்ந்து எழுதறேன்.

பையனுக்கு வயசு பன்னிரண்டு. முந்தின ஆடி மாசத்துல இருந்து வயித்து வலி. சாப்பிட்டா வலிக்கும், பேதியாகும், சாயங்காலமானா லேசா காய்ச்சல் அடிக்கும். வாயில புண் வந்து வந்து போகும். பூச்சி மாத்திரை கொடுத்தோம். மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். "கடைத் தீனி தின்னா இப்படித்தான்"னு என் வீட்டுக்காரி மகளைத் திட்டுவா. மகள் தனியா போய் அழுவா. மருமகன் சிப்காட் கம்பெனியில ஒப்பந்த வேலை. லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் இல்லை. அதனால டாக்டர்கிட்ட கூட்டிப் போறது என் வேலையாச்சு.

தை மாசம் ஒரு ஆஸ்பத்திரியில கேமரா விட்டுப் பார்த்தாங்க. சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல புண்ணு. சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, "குடல் டிபி மாதிரி இருக்கு"ன்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க. டிபின்னு தெரிஞ்சதும் ஊருல பிள்ளைங்களை அவன்கூட விளையாட விடலை. எங்க வீட்டுலயே அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அந்தத் தப்பை நாங்களும் செஞ்சோம்.

மூணு மாசம் போச்சு. சித்திரையில ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு கிடாவை விக்கறதுக்கு போச்சம்பள்ளி சந்தைக்குப் போனேன். பேரனும் வந்தான். எங்க சந்தையில ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிடுவோம். முப்பது வருஷப் பழக்கம். ஒரு கிலோ முன்ன பின்ன இருக்கும், அவ்வளவுதான். அன்னிக்கு வித்த கிடா ஒண்ணு இருபத்தி நாலு கிலோ. வியாபாரம் முடிஞ்சு கிளம்பறப்ப பையன் நடக்க முடியலைன்னு உட்கார்ந்துட்டான். தூக்கி டிவிஎஸ் வண்டியில உட்கார வச்சேன். கையில அதே கனம். கிடாவைத் தூக்கின அதே கனம்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. மருந்துக்கடை மெஷின்ல நிறுத்திப் பார்த்தா இருபத்தி மூணரை கிலோ. அஞ்சாவது படிக்கறப்ப பள்ளிக்கூடத்துல எழுதிக் கொடுத்த எடை இருபத்தாறு. ரெண்டு வருஷத்துல பிள்ளை வளரவே இல்லை, தேஞ்சிருக்கான். ஆட்டுக்குட்டி ஒரு மாசம் எடை ஏறலைன்னா எனக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியலை.

எங்க ஊர் நர்ஸம்மாகிட்ட போய்ச் சொன்னேன். "அண்ணா, டிபி மாத்திரை மூணு மாசம் போட்டும் எடை ஏறலைன்னா மறுபடியும் பார்த்தே ஆகணும். சாதாரண டாக்டர் போதாது. குழந்தைங்க குடலுக்குன்னே படிச்ச டாக்டருங்க இருக்காங்க. அவங்ககிட்ட போங்க"ன்னாங்க. மாத்திரையை நாமளா நிறுத்திடக் கூடாதுன்னும் கண்டிப்பா சொன்னாங்க.

எங்கே போறது? ஓசூர் தாண்டினா பெங்களூரு. கன்னடமும் தெலுங்கும் எங்களுக்குப் புதுசில்லை, ஆனா அங்கே தங்கற செலவு கட்டாது. சென்னை எழும்பூர்ல அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா தூரம். வேலூர் சிஎம்சின்னா சாமல்பட்டியில ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில மாறி, காட்பாடியில இறங்கிடலாம். வேலூர்னு முடிவு பண்ணி நாலு ஆட்டை வித்துட்டுக் கிளம்பினோம்.

அங்கே மறுபடியும் கேமரா, குடலுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட். குடல்ல புண் இருந்தா அது கூடுதலா காட்டுமாம். எல்லாம் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, "ஐயா, இது க்ரோன்ஸ் நோய்." 1932ல நியூயார்க்ல க்ரோன்னு ஒரு டாக்டர் தன் கூட இருந்த ரெண்டு பேரோட சேர்ந்து எழுதி வச்சதால அந்தப் பேராம். நம்ம உடம்பைக் காக்கற சக்தியே குடலைத் தாக்குற நோய். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. யார் சமையலாலயும் வர்றதில்லை. இதைக் கேட்டதும் என் மகள் அங்கேயே உடைஞ்சு அழுதுட்டா.

முதல்ல பார்த்தவங்க மேல எனக்குக் கோபம் இருந்தது. டாக்டரம்மா விளக்கினாங்க. குடல் டிபியும் க்ரோன்ஸும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி புண்ணோட வரும். டிபி அதிகமா இருக்கற நம்ம நாட்டுல முதல்ல டிபி மருந்து கொடுத்துப் பார்க்கறது உண்டு. ஆனா ரெண்டு மூணு மாசத்துல திரும்பக் கேமரா விட்டுப் புண் ஆறுதான்னு பார்க்கணும். எங்களுக்கு அந்தத் திரும்பப் பார்க்கறதுதான் நடக்கலை. நாங்களும் கேட்கலை.

வைத்தியம்தான் எனக்கு ஆச்சரியம். வளர்ற பிள்ளைக்கு எடுத்ததும் ஸ்டீராய்டு வேண்டாம்னு, ஆறுல இருந்து எட்டு வாரம் டப்பாவுல வர்ற சத்துப் பாலை மட்டும் குடிக்கச் சொன்னாங்க. சோறு, இட்லி, பழம் எதுவும் கிடையாது. பிள்ளைங்களுக்கு ஸ்டீராய்டு அளவுக்கே இது வேலை செய்யுமாம், வளர்த்தியையும் கெடுக்காது.

அது வைகாசி கடைசி. எங்க பக்கம் மா அறுவடை. வீட்டுத் திண்ணை முழுக்க செந்தூரா, மல்கோவா. கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா லோடு வாசல்லயே நிக்கும். என் வீட்டுக்காரி வீட்டுக்குள்ள தாளிக்கறதை நிறுத்திட்டா. மாட்டுக்கொட்டாய் பக்கத்துல அடுப்பு போட்டு, நாங்க அங்கேயே திருட்டுத்தனமா சாப்பிட்டோம். ஒரு ராத்திரி எழுந்து பார்த்தா பையன் திண்ணையில ஒரு மல்கோவாவைக் கையில வச்சு மோந்துக்கிட்டு இருக்கான். நான் பேசலை. அவனே குவியல்ல திரும்ப வச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான். ஏழு வாரத்துல நாலு கிலோ ஏறினான்.

இது முழுசா குணமாகிற நோய் இல்லை, அடக்கி வைக்கலாம். தினம் மாத்திரை, அப்பப்ப ரத்தப் பரிசோதனை. இது பத்தலைன்னா இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப்னு ஊசிகள் இருக்கு. இந்தியாவுலயே செய்யறாங்க, ஆனாலும் விலை அதிகம். அதைப் போடறதுக்கு முன்னாடி டிபி ஒளிஞ்சிருக்கான்னு கண்டிப்பா பார்ப்பாங்களாம். இந்தப் பயம் இன்னும் போகலை.

அலைஞ்சதுல கத்துக்கிட்டது சிலது சொல்றேன். ரிப்போர்ட், சதை டெஸ்ட் சீட்டு ஒண்ணையும் தொலைக்காதீங்க. மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கற தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு, பிள்ளைகளுக்கும் அது சேரும். எங்க மருமகன் பையன் பேரை அதுல சேர்க்காமலே விட்டிருந்தார். ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வச்சுக்கோங்க. நோய் வந்த பிறகு ஓடாதீங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட போய், பையன் கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்கினோம். அவனுக்கு வலியை விட அந்த வெட்கம்தான் பெருசா இருந்தது. முக்கியமா, பிள்ளையோட எடையும் உயரமும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை எழுதி வைங்க.

எங்க வீட்டு நிலைக்காலில் இப்போ பென்சில் கோடுகள் இருக்கு. கீழ் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். மூணாவது கொஞ்சம் மேல.

தோட்டத்துல மா பூ எடுத்திருக்கு. இந்த வருஷம் பழம் சாப்பிடலாமான்னு போன தடவை அவனே டாக்டரம்மாகிட்ட கேட்டான். "அளவா சாப்பிடு சாமி"ன்னாங்க. வர்றப்ப ரயில்ல, அளவுன்னா எத்தனை தாத்தான்னு கேட்டுக்கிட்டே வந்தான்.