மூன்றாவது தலையணை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கஷ்டத்தைக் கேட்டாலும், "இது எந்த இடத்தில் ஆரம்பித்தது?" என்று தேடுவான். ஒரு கடிதம், ஒரு சண்டை, தவறவிட்ட ஒரு ரயில் என்று ஏதாவது ஒரு திருப்பம் அகப்பட்டால்தான் அவனுக்குத் திருப்தி. ரத்த அழுத்தம் இருதயத்தைப் பழுதாக்கும் கதையில் மட்டும் அப்படிப்பட்ட இடம் அகப்படுவதே இல்லை. பத்து இருபது வருஷம், ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் நடந்துகொண்டிருக்கும்.

இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. போன வருஷம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், "பிரஷர் எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பார்த்தால் 160/100. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டிருந்தேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறினால், ரத்தத்தை வெளியே தள்ளும் இடது கீழறைக்கு வேலை அதிகம். அதற்கு முணுமுணுக்கத் தெரியாது. பயில்வானின் புஜம் மாதிரி தன் சதையைத் தடிப்பாக்கிக்கொண்டு தள்ளும். இங்கேதான் ஆபத்து. வீட்டுச் சுவரை உட்புறமாகத் தடிப்பாக்கினால் அறை குறுகிவிடும் அல்லவா? தடித்த சுவர் விறைத்தும் போகிறது. தளர்ந்து கொடுத்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. இடமில்லாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. சிலருக்கு, உழைத்து உழைத்துச் சுவரே தொய்ந்து, இருதயம் பெருத்துவிடுகிறது. சிறுநீரகமோ, ரத்தம் போதவில்லை என்று எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாயங்காலத்தில் கால் வீங்குகிறது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பது இருதயம் நின்றுபோவதல்ல; ஓடிக்கொண்டே, வேண்டிய அளவு வேலை செய்யமுடியாமல் போவது.

என் மாமா ஒருவர் கடைசி வருஷங்களில் மாடிக்குப் போவதை விட்டுவிட்டார். "வயசாச்சு" என்றார், வீட்டிலும் அதையே சொன்னார்கள். படுக்கையில் ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ராத்திரி எழுந்து ஜன்னலருகில் உட்கார்ந்துகொள்வார். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டியது என்பதை அவர் புகாராகச் சொன்னதே இல்லை. மூன்றாவது தலையணையை உறையோடு கொண்டுவந்து வைத்தவள் மாமி. அது ஒரு வியாதியின் அடையாளம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மாமாவை விடுங்கள், கிராமத்து மனிதர். டாக்டர்கள் சூழ வாழ்ந்த ஒருவரைப் பார்க்கலாம். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 1935-ல் 136/78. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புருயென் என்ற இருதய டாக்டர் பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108, இருதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர் தேங்கிய சத்தம் கேட்டது. ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் டிஜிடாலிஸ் மருந்தையும் உப்புக் குறைத்த சாப்பாட்டையும் கொடுத்ததில், இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தெளிந்தது. ஆனால் அழுத்தத்தை இறக்க நல்ல மருந்து அன்று கிடையாது. அந்த நவம்பரில் நாலாவது தடவை தேர்தலில் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியர் ஒருவர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வயது 63. இவ்வளவு விவரங்களும் 1970-ல் புருயென் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தன.

மாத்திரையாகச் சாப்பிட்டுச் சமாளிக்கக்கூடிய குளோரோதயசைட் என்ற மருந்து 1958-ல் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ. போர் நடத்திய ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை இன்று எங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. காலத்தில் அழுத்தத்தை இறக்கினால் தடித்த சுவர் ஓரளவு மெலியவும் செய்யும் என்கிறார்கள்.

மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. சாப்பிட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத காரியத்தைத் தினமும் செய்வது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம்! இருந்தாலும் காலையில் காப்பிக்கு முன்னால் விழுங்கிவிடுகிறேன். ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அது மனைவியின் ஏற்பாடு.

உங்கள் வீட்டில் யாராவது இன்னொரு தலையணை கேட்டால் கொடுங்கள். கொடுத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.